டெர்ராஃபார்ம் அப்ளை அடிக்கிறதுக்கு முன்னாடி அம்பு போட்டுப் பாருங்க

என்னென்ன வேணும்னு ஃபைல்ல எழுதி அப்ளைனு கமாண்ட் குடுத்தா கிளவுட்ல சர்வர், நெட்வொர்க் எல்லாத்தையும் கட்டிக் குடுக்கிற டூல்தான் டெர்ராஃபார்ம். அதைப் புதுசா கத்துக்கிறவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது "ஃபைல்ல எதை மேல எழுதணும், எதைக் கீழ எழுதணும்?"னுதான். எப்படி வேணா எழுதுங்க. சர்வரை முதல் வரியில எழுதிட்டு நெட்வொர்க்கைக் கடைசி ஃபைல்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது, ஏன்னா டெர்ராஃபார்ம் எல்லா ஃபைலையும் ஒண்ணா படிச்சு, எது எதை நம்பி இருக்குன்னு ஒரு டிபென்டன்சி கிராஃப் கட்டிக்கிட்டு, அந்த கிராஃப் சொல்ற வரிசையிலதான் வேலையை ஆரம்பிக்கும். புரோகிராம் ஃபைல்களைச் சரியான வரிசையில கட்டுறதுக்கு 1976-ல பெல் லேப்ஸ்ல எழுதின மேக் டூல்ல இருக்கிற அதே யோசனைதான், அங்க ஃபைல், இங்க கிளவுட்ல இருக்கிற சாமான், அவ்ளோதான் வித்தியாசம். இந்த கிராஃபை ஒரு தடவை கையால போட்டுப் பாத்துட்டீங்கன்னா பாதி எரர் ஏன் வருதுன்னு தானா புரிஞ்சிடும், அதனால லேப்டாப்பைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு ஒரு பேப்பர் எடுங்க.

படி 1: புள்ளி வைங்க

அமேசானோட கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ல இன்டர்நெட்டுக்குப் போய் வர்ற மாதிரி ஒரே ஒரு வெப் சர்வர் வேணும்னு வச்சுக்குவோம். அதுக்கு 7 சாமான் வேணும்: விபிசி (நம்ம தனி நெட்வொர்க்), சப்நெட் (அதுல ஒரு பகுதி), இன்டர்நெட் கேட்வே (வெளிய போற வாசல்), ரூட் டேபிள் (எந்த டிராஃபிக் எந்தப் பக்கம் போகணும்ங்கிற பட்டியல்), அந்த ரூட் டேபிளை சப்நெட்டோட சேக்குற அசோசியேஷன், செக்யூரிட்டி குரூப் (யார் உள்ள வரலாம், வெளிய போகலாம்ங்கிற ரூல்கள்), அப்புறம் சர்வர். பேப்பர்ல 7 புள்ளி வச்சு பக்கத்துல பேர் எழுதுங்க.

படி 2: அம்பு போடுங்க

ஒவ்வொரு புள்ளிகிட்டயும் போய் "யார் இல்லாம நீ பிறக்க முடியாது?"ன்னு கேளுங்க. சப்நெட்டுக்கு விபிசி வேணும், அதனால சப்நெட்லேர்ந்து விபிசிக்கு ஒரு அம்பு. கேட்வேயும் செக்யூரிட்டி குரூப்பும் அப்படியே விபிசியைக் காட்டும். ரூட் டேபிளுக்கு விபிசியும் வேணும், டிராஃபிக்கை எங்க அனுப்புறதுன்னு சொல்ல கேட்வேயும் வேணும். அசோசியேஷனுக்கு சப்நெட், ரூட் டேபிள் ரெண்டும். சர்வருக்கு சப்நெட்டும் செக்யூரிட்டி குரூப்பும். எண்ணிப் பாருங்க, 9 அம்பு வரும்.

படி 3: வரிசை கண்டுபிடிங்க

இதுக்கு 1962-ல ஆர்தர் கான் எழுதின ஒரு முறை இருக்கு, ரொம்ப சுலபம். ஒவ்வொரு புள்ளி பக்கத்துலயும் அதுலேர்ந்து கிளம்புற அம்பு எத்தனைன்னு எழுதுங்க. விபிசிக்கு 0, சப்நெட்டுக்கு 1, ரூட் டேபிளுக்கு 2, இப்படி. 0 இருக்கிறதைத்தான் இப்போ செய்ய முடியும். விபிசியை முடிச்சாச்சுன்னு அடிச்சிட்டு, அதைக் காட்டிக்கிட்டிருந்த எல்லாத்துலயும் ஒண்ணு குறைங்க. இப்போ சப்நெட், கேட்வே, செக்யூரிட்டி குரூப் மூணும் 0 ஆயிடுச்சு, மூணையும் ஒரே நேரத்துல செய்யலாம். அதுங்க முடிஞ்சா ரூட் டேபிளும் சர்வரும் ரெடி. கடைசியா அசோசியேஷன்.

டெர்ராஃபார்மும் கிட்டத்தட்ட இதையேதான் செய்யுது, ஆனா ஒரு கூட்டம் மொத்தமா முடியட்டும்னு காத்திருக்காது, ஒரு புள்ளிக்குத் தேவையானது மட்டும் முடிஞ்சாலே அதைத் தொடங்கிடும், எதுவும் மாத்தலைன்னா ஒரே சமயத்துல 10 வேலை வரைக்கும் ஓடும். பேரலலிசம்ங்கிற ஆப்ஷன்ல அந்த எண்ணைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம்.

இப்போ மேல போய் அந்த வரிசையைத் திரும்பப் படிங்க. சர்வர் மூணாவது சுத்துல வருது, அசோசியேஷன் நாலாவதுல. அதாவது இன்டர்நெட் வழி சப்நெட்டுக்குக் கிடைக்கிறதுக்கு முன்னாடியே சர்வர் எழுந்துடலாம்!

இது நான் நேர்ல மாட்டிக்கிட்ட விஷயம், அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன். முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல, சர்வர் பூட் ஆகும்போது யூசர் டேட்டா ஸ்கிரிப்ட் ஓடி இன்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் சாஃப்ட்வேரை டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ற மாதிரி எழுதியிருந்தேன். சில நாள் எல்லாம் சரியா வரும், சில நாள் சர்வர் ஓடுது ஆனா பேஜ் வராது. அப்ளை பச்சையில வெற்றின்னு முடியுது, என்ன மாறும்னு முன்கூட்டியே காட்டுற ப்ளான் கமாண்டைத் திரும்பப் போட்டா மாத்த ஒண்ணுமில்லைன்னு சொல்லுது, ஏன்னா சர்வர் இருக்கா இல்லையான்னுதான் டெர்ராஃபார்முக்குத் தெரியும், உள்ள ஓடின ஸ்கிரிப்ட் தோத்துச்சான்னு தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு லாக் ஃபைலைத் திறந்து பாத்தா டவுன்லோட் டைம் அவுட்னு வரிசையா நிக்குது, ஸ்கிரிப்ட் முதல் பூட்ல மட்டும்தான் ஓடும்ங்கிறதால அதுவா சரியாகவும் ஆகாது. கோட்ல ஒரு எழுத்துகூட தப்பில்ல, ஒரு அம்பு இல்ல, அவ்வளவுதான்.

படி 4: அம்பை கோட்ல கொண்டு வாங்க

ரெண்டு வழி. முதல் வழி ரெஃபரன்ஸ். ஃபைல்ல ஒவ்வொரு சாமானையும் எழுதுற பகுதிக்கு பிளாக்னு பேரு. சப்நெட் பிளாக்குக்குள்ள விபிசி ஐடி கேக்குற இடத்துல விபிசி பிளாக்கோட பேரைச் சொல்லி அதோட டாட் ஐடியை எழுதினாலே அம்பு தானா விழுந்துடும். அதே இடத்துல ஏடபிள்யூஎஸ் கன்சோல் பேஜ்லேர்ந்து ஐடியைக் காப்பி பண்ணி கோட்டேஷனுக்குள்ள ஒட்டினீங்கன்னா அது வெறும் எழுத்து, அம்பு அறுந்துபோச்சு. புதுசா வர்றவங்க கோட்ல நான் முதல்ல தேடுறதே இப்படி ஒட்டின ஐடிகளைத்தான்.

ரெண்டாவது வழி டிபென்ட்ஸ் ஆன். ஒருத்தரோட வேல்யூ இன்னொருத்தருக்குத் தேவையே இல்ல, ஆனா அவர் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னா இது. நம்ம சர்வர் பிளாக்குக்குள்ள டிபென்ட்ஸ் ஆன் போட்டு அசோசியேஷன் பேரைக் குடுங்க. இப்போ சர்வருக்கு எண்ணிக்கை 3, வரிசையில கடைசி ஆளு அதுதான். ஏற்கனவே கெட்டுப்போன சர்வர் இருந்தா அப்ளைல ரீப்ளேஸ் ஆப்ஷனோட அதைக் குறிப்பிட்டுச் சொன்னா இடிச்சிட்டு புதுசா கட்டும். ஆனா பாதுகாப்புக்காகன்னு எல்லா இடத்துலயும் இதைத் தெளிக்காதீங்க, பேரலலா ஓட வேண்டியது வரிசையில நிக்கும், பல பிளாக்கை ஒண்ணா கட்டி வச்ச மாட்யூல் மொத்தத்துக்கும் போட்டீங்கன்னா ப்ளான்ல தெரிய வேண்டிய வேல்யூ எல்லாம் அப்ளைக்கு அப்புறம்தான் தெரியும்னு வர ஆரம்பிக்கும்.

படி 5: படமாப் பாருங்க

டெர்ராஃபார்ம் கிராஃப்னு கமாண்ட் குடுத்தா டாட் ஃபார்மட்ல எழுத்தா வரும், கிராஃப்விஸ்ங்கிற படம் வரையுற டூலை இன்ஸ்டால் பண்ணி அதுக்குள்ள அனுப்பினா படம். உங்க பேப்பரைப் பக்கத்துல வச்சு ஒப்பிடுங்க. பேப்பர்ல இருக்கிற ஒரு அம்பு படத்துல இல்லைன்னா, சுத்து வழியில அது இருக்கான்னு முதல்ல பாருங்க, ரூட் டேபிள் கேட்வே வழியா விபிசிக்குப் போறதால நேர் அம்பு தேவையில்லாம போகலாம். சுத்து வழியும் இல்லைன்னா கோட்லதான் விட்டுட்டீங்க.

படி 6: சைக்கிள் எரர் வந்தா

சிக்குக் கோலத்துல கோடு ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வரணும். இங்க வரவே கூடாது. வெப் செக்யூரிட்டி குரூப்ல "டேட்டாபேஸ் குரூப்புக்குப் போகலாம்"னு ஒரு ரூல், டேட்டாபேஸ் குரூப்ல "வெப் குரூப்லேர்ந்து 5432 போர்ட்டுக்கு வரலாம்"னு ஒரு ரூல், ரெண்டையும் அந்தந்த குரூப் பிளாக்குக்குள்ளேயே எழுதினா ஒண்ணு பிறக்க இன்னொண்ணு வேணும், யாருக்கும் எண்ணிக்கை 0 ஆகாது, சைக்கிள்னு எரர் குடுத்து அப்ளைக்கு முன்னாடியே நின்னுடும். தீர்வு, குரூப் ரெண்டையும் ரூல் இல்லாம காலியா எழுதுங்க, ரூல்களைத் தனி ரிசோர்ஸா (நாம சாமான்னு சொன்னதுக்கு டெர்ராஃபார்ம்ல பேரு) வெளிய எடுங்க. இப்போ ரூல்தான் ரெண்டு குரூப்பையும் காட்டும், குரூப் ரெண்டுக்கும் நடுவுல அம்பு கிடையாது. ஒரே குரூப்புக்கு பிளாக்குக்குள்ள கொஞ்சம், தனி ரிசோர்ஸா கொஞ்சம்னு கலந்து ரூல் எழுதாதீங்க, ஒண்ணை ஒண்ணு அழிச்சிக்கிட்டே இருக்கும்.

படி 7: அப்ளை, அப்புறம் டெஸ்ட்ராய் (கட்டினதை அழிக்கிற கமாண்ட்)

நடுவுல ஒண்ணு ஃபெயில் ஆனா அதை நம்பி இருக்கிறது மட்டும்தான் நிக்கும், சம்பந்தமில்லாத கிளை முடியுற வரைக்கும் ஓடும். செஞ்சது எதையும் அது திரும்பப் பிரிக்காது, ஸ்டேட் ஃபைல்ல எழுதி வச்சிருக்கும், தப்பைத் திருத்திட்டு மறுபடி அப்ளை குடுத்தா விட்ட இடத்துலேர்ந்து போகும்.

அழிக்கும்போது அதே அம்பு, தலைகீழ் வரிசை. சர்வர் முதல்ல, விபிசி கடைசியில. சர்வர் பிளாக்கையும் சப்நெட் பிளாக்கையும் ஃபைல்லேர்ந்தே தூக்கிட்டு அப்ளை அடிச்சாலும் சர்வரைத்தான் முதல்ல எடுக்கும். கோட்ல அம்பு இல்லாதப்போ எப்படித் தெரியும்னா, ஒவ்வொரு ரிசோர்ஸும் யாரை நம்பி இருந்துச்சுன்னு ஸ்டேட் ஃபைல்ல டிபென்டன்சீஸ்ங்கிற இடத்துல பதிஞ்சிருக்கும், திறந்து பாருங்க, நீங்க பேப்பர்ல போட்ட அம்பெல்லாம் அங்க பேரோட இருக்கும்.