ஜனவரி மாற்றுச் சாளரத்தில் (பருவத்தின் நடுவே கழகங்கள் வீரர்களை வாங்கி விற்கும் காலம்) வந்த உதைபந்தாட்ட வீரரை எடைபோடுவது எப்படி?

முதல் மூன்று ஆட்டத்தோடு திட்டத் தொடங்காதீர்கள்; 900 நிமிடமாவது ஆடட்டும். கோலை மட்டும் எண்ணினாலும் கணக்குப் பிழைக்கும். 2022 ஜனவரியில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 19ஆம் இடத்தில் தவித்த நியூகாசில் கழகம், முன்கள வீரர் கிறிஸ் வூட்டை வாங்கியது. அந்தப் பருவத்தில் அவர்களுக்கு அவர் அடித்தது 2 கோல்தான். ஆனாலும் கழகம் 11ஆம் இடத்தில் முடித்தது. அவரை விற்ற பேர்ன்லி கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது.

பின்கள வீரரென்றால், பந்து மறுபக்கம் இருக்கும்போது எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். ரீவி கமரா பந்தின் பின்னாலேயே ஓடும், இது தெரியாது. திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில் உள்ளூர் ஆட்டம் பார்த்துக் கண்ணைப் பழக்கலாம்.

அவர் வருமுன் ஆட்டமொன்றுக்கு எத்தனை கோல் வாங்கினோம், வந்தபின் எத்தனை என்று குறியுங்கள். பக்கத்தில் எதிரணியின் தரவரிசை இடத்தையும் எழுதுங்கள். கடைசி அணிகளோடு வந்த வெற்றி ஏமாற்றும். வேறு கழகத்திலிருந்து தற்காலிகமாக வந்த இரவல் வீரரென்றால், பிறகு கட்டாயம் வாங்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்பதுதான் முதல் கேள்வி.