கடல் தெரியாத வெளிச்சவீட்டைப் பார்க்கப் போவது எப்படி?

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தால் நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது கொழும்புக் கோட்டை மணிக்கூட்டுக் கோபுரத்துக்குத்தான். ஒரு காலத்தில் அதுதான் வெளிச்சவீடு. சதாம் வீதியும் ஜனாதிபதி மாவத்தையும் சந்திக்கிற இடத்தில் நிற்கிறது. அப்பாவின் கந்தோர் அதற்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவர் கைக்கடிகாரம் கட்டியதை நான் கண்டதில்லை.

ஞாயிறு பின்னேரம் போங்கள், தெரு வெறிச்சென்று இருக்கும். வெள்ளவத்தையில் ரயில் ஏறி இடப்பக்க யன்னலைப் பிடித்துக்கொண்டால் கொள்ளுப்பிட்டி வரை கடல் கூடவே வரும். ரயில் தவறினால் 101 பஸ். கோட்டை ஸ்டேஷனிலிருந்து நடைதான். தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பக்கத்திலேயே ஜனாதிபதி மாளிகை. அந்தப் பக்கம் கமராவைத் திருப்பவேண்டாம். பொலிஸார் வேறு வழியால் போகச் சொன்னால் அப்படியே போய்விடுங்கள்.

கோபுரத்தடிக்கு வந்ததும் படம் எடுக்க அவசரப்படாமல், ஒருமுறை சுற்றிவந்து மேலே பாருங்கள். மணிக்கூட்டுக்கும் மேலே, உச்சியில், கண்ணாடி விளக்கறை தெரியும். 1857இல் இது வெறும் மணிக்கூட்டுக் கோபுரம். வரைந்தவர் தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி எமிலி எலிசபெத் வார்ட். பத்து வருடம் கழித்து, 1867இல்தான் உச்சியில் கப்பல்களுக்காக விளக்கு ஏற்றினார்கள். 29 மீற்றர் உயரம் அன்றைக்குப் போதுமாக இருந்தது. பிறகு சுற்றிலும் கட்டடங்கள் எழும்பி வெளிச்சத்தை மறைத்துவிட்டன. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். உப்புக் காற்று மட்டும் முகத்தில் அடிக்கும். எனக்கு அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கும்.

அதனால் அங்கேயே திரும்பிவிடாதீர்கள். கடற்பக்கமாக நடந்து சைத்திய வீதிக்குப் போங்கள். பழைய விளக்குக்குப் பதிலாக 1952இல் கட்டிய வெளிச்சவீடு அங்கே இருக்கிறது. அதன் அடித்தளத்தில் நாலு சிங்கச் சிலைகள். போன பங்குனியில் சித்தியை மத்தியானம் கூட்டிப்போய், வெயிலில் அவருக்குத் தலை சுற்றிவிட்டது. பக்கத்தில் ஒதுங்க ஒரு நிழல் கிடைக்கவில்லை. ஐந்து மணிக்குப் பிறகு போய்ச் சேருவதுபோல் கிளம்புங்கள், தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழையது, பிறகு புதியது. இந்த ஒழுங்கை மட்டும் மாற்றவேண்டாம். சுவர்களுக்குள் நின்றுவிட்டு வந்தவருக்குத்தான் திடீரென விரியும் அந்த வெளியின் அருமை தெரியும். இருட்டியதும் காலி முகத்திடலுக்கு வந்து சூடாக இஸ்ஸோ வடை, அதாவது இறால் வடை, வாங்குங்கள். வீட்டுக்குப் போக 101 அங்கேயே வரும்.