மால்ட் எக்ஸ்ட்ராக்டில் முதல் பியர்: வீட்டில் காய்ச்ச ஒரு செய்முறை

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றம். ஆகவே இது அமெரிக்கா, பிரிட்டன் போன்ற, சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளில் வசிப்பவர்களுக்கான குறிப்பு. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதற்கு வழி திறந்தது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை காய்ச்சலாம்; விற்கத்தான் கூடாது.

நாம் செய்யப்போவது 19 லிட்டர் அமெரிக்கன் பேல் ஏல் என்ற பியர் வகை. வேண்டியவை: வெளிர்நிற மால்ட் எக்ஸ்ட்ராக்ட் தூள் (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி; எக்ஸ்ட்ராக்ட் அதன் இனிப்புச் சாறு) 2.5 கிலோ, கிரிஸ்டல் 40 மால்ட் (40 என்பது அதன் நிற அளவு) 450 கிராம், காஸ்கேட் ரக ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) 100 கிராம், யுஎஸ்-05 ரக ஈஸ்ட் ஒரு பாக்கெட். பாத்திரங்கள்: 15 லிட்டருக்குக் குறையாத ஸ்டீல் பானை, மூடியும் ஏர்லாக்கும் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) உள்ள 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அடியில் குழாய் வைத்த இன்னொரு வாளி, மெல்லிய ரப்பர் குழாய், தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் (தண்ணீரோடு ஒப்பிட்டுச் சாற்றின் அடர்த்தியை அளக்கும் கருவி), துணிப்பை. கிரிஸ்டல் மால்ட்டைக் கடையிலேயே உடைத்துத் தரச் சொல்லுங்கள். மாவாக அரைக்க வேண்டாம். உமி முழுசாக இருக்க, உள்ளே உள்ளது நொறுங்கினால் போதும்.

எக்ஸ்ட்ராக்டில் காய்ச்சுவது குறுக்குவழி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பொருட்படுத்தாதீர்கள். பார்லியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வேலையை ஆலையில் முடித்துத் தருகிறார்கள், அவ்வளவுதான். கிரிஸ்டல் மால்ட்டிலும் அந்த வேலை உமிக்குள்ளேயே முடிந்திருக்கும். அதனால்தான் வெறும் சுடுநீரில் ஊறவைத்தாலே அதன் நிறமும் இனிப்பும் இறங்கிவிடுகின்றன. சாதாரண பேல் மால்ட்டில் அந்த வேலை இன்னும் முடிந்திருக்காது.

ஊறவைத்தல். நான்கு லிட்டர் தண்ணீரை 68 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, மால்ட்டைத் துணிப்பையில் கட்டி அரை மணி நேரம் வையுங்கள். 65க்கும் 70க்கும் இடையில் எங்கே நின்றாலும் கவலையில்லை. 77ஐத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கத் தொடங்கும். பையைத் தூக்கி வடியவிட்டு, பானையில் மொத்தம் 10 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேருங்கள்.

கொதிக்கவைத்தல். கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பாதி எக்ஸ்ட்ராக்டைத் தூவிக் கலக்குங்கள். அணைக்காமல் கொட்டினால் அடியில் படிந்து கருகும். அந்தக் கருகல் வாடை கடைசி பாட்டில்வரை வரும். மறுபடி கொதித்ததும் 40 கிராம் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரக் கணக்கைத் தொடங்குங்கள். கசப்பு இதிலிருந்துதான் வருகிறது. முதல் சில நிமிடங்கள் பானையை விட்டு நகர வேண்டாம்: பால் பொங்குவதைப் போல ஒரே மூச்சில் நுரைத்து அடுப்பெல்லாம் வழியும். 45ஆவது நிமிடத்தில், முன்போலவே அடுப்பை அணைத்துவிட்டு மீதி எக்ஸ்ட்ராக்டைக் கலந்து மீண்டும் கொதிக்கவிடுங்கள். பாதியைப் பிற்பாடு சேர்ப்பதால் நிறம் அதிகம் கருக்காது. 50ஆவது நிமிடத்தில் 30 கிராம் ஹாப்ஸ், அடுப்பை அணைக்கும்போது மீதி 30 கிராம். இவை மணத்துக்காக. வீட்டில் நாய் இருந்தால் ஹாப்ஸ் சக்கையை அதன் வாய்க்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். நாய்களுக்கு அது உயிராபத்தான நஞ்சு.

இதுவரை கைதவறினாலும் கொதிநீர் காப்பாற்றிவிடும். இனிமேல் காப்பாற்ற எதுவும் இல்லை. ஆறிய சாற்றைத் தொடும் வாளி, குழாய், கரண்டி, ஈஸ்ட் பாக்கெட்டை வெட்டும் கத்தரிக்கோல் எல்லாமே கிருமிநீக்கியில் நனைந்திருக்க வேண்டும். ஸ்டார் சான் போன்ற கிருமிநீக்கிகளைத் தண்ணீரில் கலந்து பயன்படுத்தினால் பிறகு கழுவ வேண்டியதில்லை. நுரை ஒட்டியிருந்தாலும் கெடுதல் இல்லை. ஆனால் அழுக்கைச் சோப்பால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் கிருமிநீக்கி வேலை செய்யும்.

ஆறவைத்தல். மூடிய பானையைத் தொட்டியில் ஐஸ் தண்ணீரில் வைத்து, தண்ணீர் சூடேறியதும் மாற்றுங்கள். ஆறியதும் வாளியில் ஊற்றி, கொதிக்கவைத்துக் குளிரவைத்த தண்ணீரால் 19 லிட்டராக்குங்கள். நன்றாகக் கலக்கிவிட்டு அளந்தால் ஹைட்ரோமீட்டர் 1.050ஐ ஒட்டிக் காட்டும். கலக்காவிட்டால் கெட்டிச் சாறு கீழே தங்கி, பொய்யான எண் வரும். வெப்பநிலை 20 டிகிரிக்கு வந்த பிறகே ஈஸ்ட்டைத் தூவி, மூடி, ஏர்லாக்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வையுங்கள்.

நொதித்தல். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும். அறையைவிட வாளி சில டிகிரி கூடுதலாக இருக்கும். 18 முதல் 20 டிகிரிதான் நமக்கு வேண்டும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கோடையில் உறைந்த தண்ணீர் பாட்டில்களைப் போட்டு மாற்றிக்கொண்டே இருந்தால் போதும். ருசியைத் தீர்மானிப்பதில் ஹாப்ஸ் ரகத்தைவிட இந்தச் சில நாள் வெப்பத்துக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து. இரண்டு வாரம் மூடியைத் திறக்காதீர்கள். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பது முடிந்ததற்குச் சாட்சியல்ல. மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் ஒன்றாக, 1.012ஐ ஒட்டி இருந்தால்தான் முடிந்தது. சர்க்கரை மீந்திருக்கும் பியரை அடைத்தால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடி சிதறும் வெடிப்பு அது.

அடைத்தல். 115 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரையை ஒரு கப் தண்ணீரில் கொதிக்கவைத்து, குழாய் வைத்த வாளியில் ஊற்றி, அதன்மேல் பியரைச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள். இப்போது காற்று கலந்தால் ஈரமான அட்டைப்பெட்டி வாடை வரும். பழுப்புக் கண்ணாடி பாட்டில்களே நல்லது, ஏனென்றால் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாற்றமெடுக்கும். 355 மில்லி பாட்டிலில் சுமார் 50 தேறும். கழுத்தில் ஓர் அங்குலம் விட்டு மூடி அழுத்தி, அறை வெப்பத்தில் இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள்.

குடிக்கும்முன் ஓர் இரவு ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். ஒரே சாய்வில் நிதானமாகக் கிளாஸில் ஊற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் கழுத்தை எட்டும்போது நிறுத்துங்கள். காலி பாட்டிலை அப்போதே அலசிவிடுங்கள்; காய்ந்த ஈஸ்ட்டைச் சுரண்டுவது பெரும்பாடு.