கொழும்பில இருந்தே குடும்ப வரலாறு தேடுறது எப்பிடி? ஊர்க்கோயில்ல இருந்து தொடங்குங்கோ

குடும்ப வரலாறு தேட வெளிக்கிடுற எல்லாரும் முதல்ல இன்டர்நெட்ல பேரைத்தான் அடிச்சுப் பாப்பினம். எங்கட ஆக்களுக்கு அது பெரிசா உதவாது, ஏனெண்டா கன குடும்பங்களில நிலையான குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்ல, அப்பாட பேர்தான் முன்னுக்கு நிக்கும், அடுத்த தலைமுறையில அதுவும் மாறிடும். அதால ஊரையும் கோயிலையும் பிடிச்சுக்கொண்டு போங்கோ.

அம்மம்மாவிட்ட "எங்கட பரம்பரை என்ன" எண்டு கேட்டா சிரிச்சிட்டு விட்டுடுவா. "ஊர்க்கோயில்ல எத்தனையாம் திருவிழா எங்கட உபயம், ஆருக்கு நேர்த்தி வைக்கிறனாங்கள், பொங்கல் எந்த வைரவருக்கு" எண்டு கேட்டுப் பாருங்கோ, ஒரு மணித்தியாலம் கதைப்பா, அதுக்குள்ள ஆக்கள் பேர், காணி, சண்டை எல்லாம் வரும். ஃபோன்ல ரெக்கோர்ட் பண்ணலாமா எண்டு கேட்டிட்டு பண்ணுங்கோ, இடையில திருத்தப் போகாதேங்கோ. மலையகத்தில இருந்து வந்த குடும்பம் எண்டா குலதெய்வம்தான் பெரிய திறப்பு, அதோட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்த (மலையக ஆக்களுக்கு இந்தியக் குடியுரிமையா, இலங்கைக் குடியுரிமையா எண்டு பிரிச்ச ஒப்பந்தம்) காலத்து பேப்பர், பழைய இந்திய பாஸ்போர்ட் ஏதும் அலுமாரியில இருந்தா தமிழ்நாட்டில எந்த ஊர் எண்டு கிடைக்க சான்ஸ் இருக்கு.

பிறகு பேப்பருக்கு வாங்கோ. எங்கட பிறப்புச் சான்றிதழை வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் குடுக்கிறமே தவிர ஒருத்தரும் முழுசா வாசிக்கிறேல்ல. பழைய படிவத்தில தகப்பன்ட பிறந்த இடம் மட்டுமில்ல, பாட்டனார் இலங்கையில பிறந்திருந்தா அவற்ற பேர், பிறந்த வருஷம், இடம் எண்டு தனிக்கூடு இருக்கும், சிலதில பூட்டனாருக்கும் இருக்கும். விவாகச் சான்றிதழ்ல ரெண்டு பக்கத்து தகப்பன்மாரின்ட பேரும் தொழிலும் வரும். கொப்பி எடுக்க பிரதேச செயலகத்துக்குப் போங்கோ.

நான் எல்லாத்தையும் விட நம்புறது கல்வெட்டைத்தான், கல்லில வெட்டினது இல்ல, செத்தவீட்டு நினைவு மலர். அந்தியேட்டிக்கு (செத்து 31ம் நாள் செய்யிற கிரியை) அடிச்சுக் குடுக்கிற அந்த சின்னப் புத்தகத்தில செத்த திதியைச் சொல்லுற திதி வெண்பா இருக்கும், வம்சாவழி இருக்கும், தேவாரம் இருக்கும், எந்தக் கோயிலுக்கு என்ன செய்தவர் எண்டும் இருக்கும், பத்திரமா வைச்ச சொந்தக்காரர் ஆராவது இருப்பினம். நூலகம் இணையத்தளத்திலயும் இப்பிடி நினைவு மலர்கள் நிறைய ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கினம், இலவசம். பழைய வீரகேசரி, தினகரன் மரண அறிவித்தலும் பாருங்கோ, "பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட" எண்டு தொடங்கி மருமக்கள், மைத்துனர் வரைக்கும் வரிசையா வரும், ஒரு அறிவித்தலை வைச்சே அரைவாசி குடும்ப மரத்தைக் கீறலாம்.

அதுக்கும் முந்தி போகோணும் எண்டா கொழும்பு 7ல தேசிய சுவடிகள் திணைக்களம். ஒல்லாந்தர் காலத்து தோம்புகள் எண்ட பதிவேடுகள் அங்க இருக்கு, காணி, குடும்பம், சாதி எல்லாம் எழுதியிருக்கு. மொழி டச்சு எண்டதால உதவி தேவைப்படும். சாதி கண்ணில பட்டா மறைக்கவும் வேண்டாம், தலையில தூக்கி வைக்கவும் வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ.

கனபேர் தடுமாறுற இடம் சமயம். சைவக் குடும்பத்தில தேடிக்கொண்டு போக திடீரெண்டு ஞானஸ்நானப் பேர் வரும், "அப்ப நாங்கள் ஆர்" எண்டு மனசு குழம்பும். சி.வை. தாமோதரம்பிள்ளையைப் பாருங்கோ, 1832ல கிறிஸ்தவக் குடும்பத்தில பிறந்து கிங்ஸ்பரி எண்டு பேர் இருந்தவர், பிறகு சைவராகி பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிச்சவர், அவற்ற மகன் திரும்ப கிறிஸ்தவரா மாறி பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனவர். இதில எது அசல், எது போலி? எல்லாம் அவையின்ட உண்மையான நம்பிக்கைதான். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திட்டு, அப்பிடியே பக்கத்து சிவன் கோயில்ல பொன்னம்பலவாணேசரையும் கும்பிட்டிட்டு வாற ஆக்கள் நாங்கள், எங்களுக்கு இது விளங்காமலா போகும்.

அதால மரம் கீறேக்க ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில என்ன சமயம், எப்ப மாறினது, ஏன் எண்டு வீட்டில என்ன சொல்லுகினம் எண்டு எழுதுங்கோ. பள்ளிக்கூடமா, கலியாணமா, நேர்த்தியா? ரெண்டு பேர் ரெண்டு காரணம் சொன்னா ரெண்டையும், ஆர் சொன்னது எண்டதோட குறிச்சு வையுங்கோ. உயிரோட இருக்கிற ஆக்களின்ட விபரத்தை மட்டும் அவையிட்ட கேக்காம ஃபமிலி வாட்ஸ்அப் குரூப்பில போடாதேங்கோ.