வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்ச் சொத்தைப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற தை மாதக் கடைசியில், சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர்கள் எழும்பிக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் பகுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசல் பெஞ்சில் உறவினர் ஒருவர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குவைத்திலிருந்து பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்தவர். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுத் தம்பிக்கு அவர் அனுப்பிய பவர் பத்திரம், அதாவது தமக்குப் பதிலாகச் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம், அந்த ஃபைலில் இருந்தது. அது ஊருக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. தம்பி அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார், அவ்வளவுதான். வெளிநாட்டில் எழுதப்பட்ட பத்திரம் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்கு உரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்தியாக வேண்டும் என்பது 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டத்தில் உள்ள விதி. அந்தக் கெடு தாண்டிப் போயிருந்ததை இருவருமே அறியவில்லை. விடுப்பில் மீதமிருந்த நாட்களைப் புதிய பத்திரம் எழுதுவதிலும் அலைச்சலிலுமே அவர் கழித்தார்.

நான் பதினாறு ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்துவிட்டு 2019-இல் நீடாமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்துக்குத் திரும்பியவன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறையிலிருந்து இன்று வளைகுடாவுக்கு விமானம் ஏறும் தலைமுறை வரை, கடல் கடந்தவர் இல்லாத தெரு எங்கள் டெல்டாவில் குறைவு. திரும்பி வந்த பிறகு, வெளியூரில் இருக்கும் உறவினர்களுக்காகவும் தெருக்காரர்களுக்காகவும் பத்திர எழுத்தரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் நடந்து நடந்து நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஊரில் இருக்கும் சொந்தக்காரர் மேல் உள்ள நம்பிக்கையே போதும் என்று எண்ணி, எழுத்தில் இருக்க வேண்டியதை வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறோம்.

பவர் பத்திரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். வீட்டு வரி கட்டவும், மின் இணைப்பு மாற்றவும், பட்டாவுக்கு மனுக் கொடுக்கவும் ஒருவர் தேவை என்பதற்காக, விற்கும் உரிமை வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்துவிடுவது நம்மவர்களிடம் மிகுந்து காணப்படும் பழக்கம். என்ன வேலைக்கு ஆள் தேவையோ அந்த வேலையை மட்டும், சர்வே எண்ணும் பரப்பளவும் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தால் போதும். எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் அன்றோடு முடிந்துவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை; அப்பா கொடுத்த பவரை வைத்துக்கொண்டு, அவர் காலமான பிறகும் மகன் கையெழுத்திட்டு வந்ததைக் கண்டிருக்கிறேன். பவர் பெற்ற முகவர் விற்பனை செய்ய வரும்போது, அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான ஆயுள் சான்றைப் பதிவு அலுவலகங்கள் கேட்பது இதனால்தான். பவரை ரத்து செய்ய நினைப்பவர்கள் தொலைபேசியில் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, முகவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சொத்தின் மேல் நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் அது ஏறினால்தான் அடுத்து வாங்க வருபவர் கண்ணில் படும்.

பவர் பத்திரத்தையே விற்பனையாகக் கருதி, முழுத் தொகையையும் கொடுத்து மனை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பவர் மூலம் மட்டும் உரிமை கைமாறாது, பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் இப்படி வாங்குபவர்களை எண்ணினால் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பணம் பெரும்பாலும் வெயிலில் நின்று சேர்த்த பணம்.

வங்கிக் கணக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வெளிநாட்டில் வேலைக்குப் போய் வெளிநாடு வாழ் இந்தியர் என்ற நிலைக்கு வந்த பிறகும், ஊரில் இருந்தபோது திறந்த சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது அந்நியச் செலாவணி விதிகளுக்குப் பொருந்தாது. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். குத்தகைப் பணம், வீட்டு வாடகை போன்ற உள்நாட்டு வருமானம் அந்தக் கணக்கில் சேரட்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை என்.ஆர்.இ. கணக்கில் போடுங்கள், அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. நாமினி என்று ஒரு பெயரை எழுதிவிட்டால் பணம் அவருக்கே சொந்தமாகிவிடும் என்ற எண்ணமும் சரியல்ல. நாமினி பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கு உரியது.

சம்பளம் கொஞ்சம் மிஞ்சியவுடன் டெல்டாக்காரர் மனம் நஞ்சையைத்தான் தேடும். அந்த ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர் வீடும் மனையும் வாங்கலாமே தவிர, விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அனுமதி இல்லை. வெளிநாடு போவதற்கு முன் வாங்கியதையும், பரம்பரையாக வந்ததையும் வைத்துக்கொள்ளலாம். விவசாய நிலத்தை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும். இது தெரிந்ததும் பலர் அடுத்த தவறுக்குப் போகிறார்கள்: பணத்தைத் தாம் கொடுத்து, மைத்துனர் பெயரிலோ பங்காளி பெயரிலோ நிலத்தை எழுதிவிடுகிறார்கள். 1988-ஆம் ஆண்டின் பினாமிச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்ட பிறகு, இப்படிப்பட்ட சொத்தை அரசு பறிமுதல் செய்ய இடமுண்டு. உறவு கசந்தால், அது என் பணம் என்று நீதிமன்றத்தில் நின்று கேட்கவும் வழியில்லை. ஊர் திரும்பி நிலையாகத் தங்கிய பிறகு நிலம் வாங்குவதே நேரான வழி.

குத்தகை விஷயத்தில் தவறு செய்தவன் நானே என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். 2003-இல் நான் புறப்பட்டபோது அப்பாவின் நான்கு மா நஞ்சை, அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலம், பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவரிடம் வாய்மொழிக் குத்தகையில் இருந்தது. ஆண்டுக்கு இத்தனை கலம் நெல் என்பது பேச்சு. சம்பா அறுத்ததும் அவர் அளந்து கொடுப்பார், சித்தப்பா வாங்கி விற்றுப் பணத்தை வங்கியில் போடுவார். பதினாறு ஆண்டுகளில் ஒரு ரசீதுகூட எழுதப்படவில்லை. சித்தப்பா இறந்த பிறகு நான் ஊர் வந்து கணக்குக் கேட்டபோது, இரண்டு ஆண்டுக் குத்தகை நிலுவை என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, கோபமே இல்லாமல் சொன்னார்: “தம்பி, வெள்ளம் வந்த வருஷம் உங்க சித்தப்பா பாதி போதும்னு சொன்னாரு. மறு வருஷம் நான் முழுசா அளந்தேன். நீங்க ஒரு துண்டுச் சீட்டு கொடுத்திருந்தா இன்னைக்கு என்னைக் கேட்க வேண்டியிருக்காது.” அவர் சொன்னதை மறுக்கவும் என்னிடம் ஆதாரம் இல்லை, ஏற்கவும் இல்லை. அவர் பக்கம் இருந்த வருத்தம் நியாயமானது.

இந்த மண்ணில் குத்தகைச் சட்டங்கள் சும்மா வரவில்லை. பண்ணையாட்களும் குத்தகைக்காரர்களும் போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1955-இல் மாநிலம் முழுமைக்குமான சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தம் உடலுழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ பிறர் நிலத்தைச் சாகுபடி செய்பவருக்கு, ஒப்பந்தம் எழுத்தில் இல்லாவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. நிலுவை, நிலத்தைப் பாழ்படுத்துதல், விவசாயம் அல்லாத பயன்பாடு, நில உடைமையாளரின் உரிமையை மறுத்தல் போன்ற காரணங்களைக் காட்டி வருவாய் நீதிமன்றத்தில்தான் வெளியேற்றம் கோர முடியும். எனவே எழுதாமல் விட்டால் குத்தகைதாரருக்கு உரிமை வராது என்று நம்பி வாய்மொழியில் நிறுத்துவது பொய்க் கணக்கு. சட்டப்படியான உரிமை அவருக்கு எப்படியும் வரும். எழுதாததால் இழப்பது நம் பக்கத்து ஆதாரத்தைத்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும், பயிர்க் காப்பீடும் புயல் வெள்ள நிவாரணமும் பெறவும், எந்த வயலில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று காட்டும் அடங்கல் சான்று வேண்டியிருக்கிறது. சாகுபடி செய்பவர் பெயர் அதில் ஏறக் கூடாது என்று வெளிநாட்டிலிருந்தபடியே தடுக்கும் நில உடைமையாளர், ஓராண்டு உழைப்பின் பலனை அந்தக் குடும்பத்திடமிருந்து பறிக்கிறார். இதை நான் சிறு தவறாகக் கருதவில்லை. குத்தகையை எழுதுங்கள், நெல்லோ பணமோ பெற்றவுடன் தேதியிட்டு ரசீது கொடுக்கச் செய்யுங்கள். இப்போது நாங்கள் இரண்டு பிரதி எழுதுகிறோம். ஒன்று அவர் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது.

கோயில் நிலத்துக் குத்தகையைத் தம் பெயரில் வைத்துக்கொண்டு வெளிநாடு போனவர்களின் நிலை வேறு. அவர்கள் அதை இன்னொருவருக்கு உள்குத்தகைக்கு விட்டால், குத்தகையே ரத்தாகக் காரணமாகலாம்.

கோயில் மனையும் இப்படித்தான். கும்பகோணம், திருவிடைமருதூர், மயிலாடுதுறைப் பக்கங்களில் கோயில்களுக்கும் தருமபுரம், திருவாவடுதுறை போன்ற ஆதீனங்களுக்கும் சொந்தமான அடிமனையில் வீடு கட்டி, மனை வாடகை செலுத்திக் குடியிருப்பவர்கள் ஏராளம். ஓட்டு வீடாக இருந்தவரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வெளிநாட்டுப் பணம் வந்து மாடி எழும்பிய பிறகு, வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போதுதான் மனை நம்முடையதல்ல என்பது தெரிய வருகிறது. கோயில் சொத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த விற்பனை செல்லாது என்று 1959-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தாத்தா காலத்து மனை வாடகை ரசீதுகளைத் தேடி எடுங்கள். கிராம நத்தமா (ஊர்க் குடியிருப்புக்கான நிலமா), கோயில் மனையா என்பதை வருவாய்ப் பதிவேட்டில் பார்த்த பின்னரே அஸ்திவாரம் தோண்டுங்கள்.

மனை வாங்கும்போது அது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ளதா என்று பார்க்காமல், காணொளியில் கொடி நட்ட கல்லையும் சிமென்ட் சாலையையும் பார்த்தே முன்பணம் அனுப்புவது இன்னொரு தவறு. அதைவிட எனக்கு மனம் பொறுக்காத ஒன்று உண்டு. தாழ்ந்த நஞ்சையை மனையாக்கும்போது நான்கடி சவுடு மண் அடித்து மேடாக்குகிறார்கள், மேடாக்கும்போது ஓரத்தில் ஓடிய வடிகால் மறைந்துபோகிறது. எங்கள் தெருக்கோடியில் துபாய்க்காரர் ஒருவர் கட்டிய வீட்டின் சுற்றுச்சுவர், இரண்டடி அகலமுள்ள வடிவாய்க்காலின் மேலேயே எழும்பிவிட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை; வரைபடத்தில் அந்த வாய்க்கால் இருந்ததை மேஸ்திரி அவருக்குச் சொல்லவில்லை. அடுத்த ஐப்பசியில் பின்பக்கத்து வயலில் நட்டுப் பத்தே நாளான நாற்று ஒரு வாரம் தண்ணீரில் கிடந்து அழுகியது. நம் மண்ணில் பாசன வாய்க்காலைப் போலவே வடிகாலும் பயிரின் உயிர். வீடு கட்டும்போது நீங்கள் ஊரில் இல்லை என்றால், புல வரைபடத்தின் நகலை வாங்கி வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று குறித்து மேஸ்திரிக்கு அனுப்புங்கள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவதற்கு விலை அதிகம். ஒவ்வொரு மரணத்துடனும் வாரிசுகளின் எண்ணிக்கை கூடும், ஒவ்வொருவர் கையெழுத்தும் ஒவ்வொரு நாட்டில் இருக்கும். 1980-களில் நடந்த யு.டி.ஆர். என்னும் நில ஆவணப் பதிவு மேம்பாட்டில் பெயரும் பரப்பும் தவறாக ஏறிய நிலங்கள் இங்கே நிறைய உண்டு. அப்போது ஊரில் இல்லாதவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை, அந்தத் திருத்தத்துக்கு மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டும். பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகவும், பத்திரத்தில் ஓர் எழுத்து இனிஷியலாகவும் இருப்பதையும், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தால் முன்கூட்டியே சரிசெய்து வைப்பது நல்லது. சகோதரிகளை விட்டுவிட்டு வாரிசுச் சான்றுக்கு மனுச் செய்வதும், திருமணத்துக்குச் செலவு செய்துவிட்டோம் என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதும் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதும் 2005-இலும் மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு வந்துவிட்டது. பங்கைக் கேட்காத அக்காவிடமும் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

வில்லங்கத்தையும் பட்டாவையும் இணையத்தில் எந்த நாட்டிலிருந்தும் பார்க்க முடிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையிலாவது, அந்தப் பக்கங்களைத் திறந்து நம் சர்வே எண்ணில் புதிதாக ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்து நகலெடுத்து வைக்கலாம். ஊருக்கு வரும்போது முதல் நாளே வயலுக்குப் போங்கள். நாங்களும் அப்படித்தான் ஒரு மாசி மாதக் காலையில் புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நில அளவையருடன் வரப்பில் நடந்தோம். வடகிழக்கு மூலைக் கல் காட்டாமணக்குப் புதருக்கு அடியில், மண்வெட்டியால் இரண்டடி தோண்டிய பிறகுதான் கிடைத்தது. நாங்கள் எல்லை என்று நினைத்திருந்த வரப்பிலிருந்து அது ஒரு முழம் உள்ளே, எங்கள் பக்கம் தள்ளி இருந்தது. பக்கத்து வயல்காரரும் கூடவே நின்று பார்த்தார். மேட்டூர்த் தண்ணீர் வந்து நாற்றங்கால் போடுவதற்கு முன் வரப்பை வெட்டிக் கல்லுக்கு நேராகப் போட்டுக்கொள்வதென்று இருவரும் பேசி முடித்தோம்.