வால் எழும்பும் வரை

கன்னியாகுமரி பக்கத்து மீன்பிடித் துறைமுகமான சின்னமுட்டத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போன முதல் இரண்டு தடவையும் என் படங்களில் திமிங்கலம் வெறும் கறுப்புக் கலங்கல். படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றியதுதான் தப்பு. எஞ்சின் அதிர்வு முழுக்க லென்ஸுக்கு ஏறியிருக்கிறது.

மூன்றாம் முறை, தூரத்திலேயே எஞ்சினை அணைக்கச் சொன்னேன். திமிங்கலத்துக்கும் அதுதான் நிம்மதி. கைகளை உடம்போடு ஒட்டி, முழங்காலைத் தளர்த்தி நின்றேன். ஷட்டர் வேகம் 1/2000 நொடி, நகர்வதை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ்.

“தம்பி, மூச்சு இடப்பக்கமா சாயுது பாரு!” என்றார் படகோட்டி அண்ணன். மூச்சு என்றால் திமிங்கலம் மூச்சு விடும்போது எழும் நீர்த்தூவல்; அது முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்தால் ஸ்பெர்ம் திமிங்கலம் என்ற வகை. அவசரப்பட்டு அந்த மூச்சைப் படமெடுக்காமல் காத்திருந்தேன். முதுகு நன்றாக வளைந்தது; மூழ்கப் போகிறது, இனி வால் எழும்பும். அப்போதுதான் பொத்தானை அழுத்தினேன். வால் முழுசாக எழுந்தது. அதன் பின்விளிம்பு வெட்டுகளை வைத்துத்தான் ஒவ்வொரு திமிங்கலத்தையும் தனித்தனியாக அடையாளம் காண்பார்கள். என் படத்தில் அத்தனை வெட்டும் தெளிவாக இருக்கிறது.