வளைந்த மரத்தில் படகுக்கு வங்கு எடுப்பது எப்படி

படகின் வங்கு, அதாவது பலகைகளை உள்ளிருந்து விலா எலும்புபோலத் தாங்கும் சட்டம், வளைவாக இருந்தால் மட்டும் போதாது, மரத்தின் நாரும் அதே வளைவில் ஓட வேண்டும். நேர்ப்பலகையில் கோடு போட்டு வளைவாக அறுத்தால், வளைவு நாரின் போக்கை விட்டு விலகும் இடத்தில் நார் குறுக்கே வெட்டுப்பட்டுவிடும். பார்வைக்கு வங்குதான். ஆனால் படகு அலையில் விழுந்து எழும்போது முதலில் விரிசல் விடுவது அந்த இடம். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், புதுச்சேரிக் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. இருக்கிற மரப்படகுகளைப் பழுது பார்க்கவாவது கோணல் மரத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்.

28 அடிப் படகை எடுத்துக்கொள்வோம். வங்கு 3 அங்குல கனம், 4 அங்குல அகலம். 18 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால், இரு முனைகளை விட்டு 16 வரிசை வரும். ஒரு வரிசைக்கு, படகின் அடிமுதுகுக் கட்டையான ஏராவின் மேல் குறுக்கே உட்காரும் 5 அடி அடிக்கட்டை ஒன்று, நாலரை அடிப் பக்கக் கைகள் இரண்டு. முடிந்த வேலையில் மொத்தம் சுமார் 19 கன அடி. கோணல் மரத்தில் பாதிக்கு மேல் கழிவாகப் போகும், அதனால் 45 கன அடி வாங்குங்கள். வாங்கும் மரத்தின் கன அடியைக் கணக்கிட, சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நான்கால் வகுத்து, அதையே அதனால் பெருக்கி, அடிக்கணக்கு நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 36 அங்குலச் சுற்று, 8 அடி நீளம் என்றால் 4½ கன அடி. வளைந்த மரத்தில் நாடாவை வெளிவளைவில் பிடித்தால் நீளம் கூடிவிடும். நடுவில் பிடித்து அளக்கும்படி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வங்குக்கு முதல் தேர்வு நாட்டுக் கருவேலம். அடுத்தது வேம்பு, பூவரசு. 6 மில்லிமீட்டர் கம்பியை ஒவ்வொரு வங்கின் வடிவத்துக்கும் வளைத்து, எண் எழுதிய துணி கட்டி, மரம் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டு போங்கள். நிற்கிற மரத்தில் கம்பியை வைத்துப் பார்த்தாலே எது எந்த வங்குக்கு ஆகும் என்று தெரிந்துவிடும். உட்காரும் பலகையைத் தாங்கும் முட்டுகளுக்குக் கிளை பிரியும் கவை பார்ப்பீர்கள். அகன்று ‘ப’ போல விரிந்த கவைதான் வேண்டும். இடுங்கிய கவையின் நடுவே பட்டை உள்ளே மடிந்து கிடக்கும், பளு ஏறினால் அங்கே பிளக்கும்.

புயலில் சாய்ந்த மரத்தைக் கவனமாகப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடந்த பிறகு கடலூர் மாவட்டத்தில் சாய்ந்த மரத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை. ஆனால் காற்றில் வளைந்து விழும் மரத்தில் நார் உள்ளுக்குள் நசுங்கியிருக்கும். இழைத்த பிறகு வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நாருக்குக் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் அந்தத் துண்டு விறகுக்குத்தான்.

வெட்டிய அன்றே பட்டையை உரித்துவிடுங்கள், விட்டால் துளைவண்டு அதற்குள் முட்டையிடும். இரு முனைகளிலும் சாணமும் களிமண்ணும் குழைத்துக் கனமாகப் பூசுங்கள், கருவேலம் முனையிலிருந்துதான் பிளக்கும். ஊறப்போடுவதானால் நல்ல தண்ணீர்க் குளத்தில் போடுங்கள். உப்பனாற்றுப் பக்கம் உப்புநீரில் போட்டால் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு ஏறிவிடும். வெளியே ஊசித்துளைதான் தெரியும், உள்ளே சுரங்கம் போயிருக்கும்.

அறுவை மில்லில் சொல்ல வேண்டியது ஒன்றே: வளைவு கிடக்கும் தளத்துக்கு இணையாகவே வாள் ஓட வேண்டும். அதற்குக் குறுக்கே அறுத்தால் வளைவே துண்டுபட்டுப் போகும். முதல் அறுப்பு நடுச்சோற்றின், அதாவது மரத்தின் மையத்து மென்பகுதியின், வழியாகப் போகட்டும். சோறு உள்ளே அடைபட்ட துண்டு காயும்போது அதை நோக்கியே வெடிக்கும். இப்படிப் பிளந்தால் இரண்டு பாதிகளும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே வளைவில் வரும். ஒன்று இடப்பக்கக் கை, மற்றது வலப்பக்கக் கை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ‘க்ரக்’ என்னும் பழைய வீட்டுச் சட்டங்களுக்கு ஒரே மரத்தை இரண்டாகப் பிளந்து ஜோடி எடுத்ததும் இதே கணக்கில்தான்.

எல்லாப் பக்கமும் அரை அங்குலம் கூட விட்டு, நிழலில் கட்டை கொடுத்து அடுக்குங்கள். ஒரு துண்டை மாதம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றபின், மரம் செதுக்கும் வாய்ச்சியை எடுத்தால் போதும். வெளிறிய வெளிமரம் முழுவதையும் செதுக்கி, உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்தை மட்டும் வையுங்கள். நார் ஓட்டம் தெரியாவிட்டால் இழைத்த முகத்தில் ஒரு சொட்டு மை விடுங்கள், நாரின் போக்கிலேயே இழுத்துக்கொண்டு ஓடும். ஓர் அடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் அது விளிம்பை விட்டு விலகினால் அந்தத் துண்டை ஒதுக்குங்கள்.

அடிக்கட்டையும் கையும் பக்கவாட்டில் 18 அங்குலமாவது ஒன்றையொன்று தழுவ வேண்டும். அதில் 12 மில்லிமீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் மூன்று. ஒரே கோட்டில் போட்டால் அந்த நாரிலேயே பிளக்கும், மாற்றி மாற்றிப் போடுங்கள். கருவேலத்தில் துவர்ப்பு அதிகம். வெறும் இரும்பைப் போட்டால் மரம் கறுத்து, ஆணியும் சீக்கிரம் அரிக்கும். ஆணிக்கும் முன்னால் துளை போட்டே அடிக்க வேண்டும்.

பலகையோடு பொருத்தும்போது பலகையில் காவி பூசி, வங்கை அழுத்தி எடுங்கள். காவி ஒட்டிய மேடுகளை மட்டும் வாய்ச்சியால் தட்டுங்கள். நான்கைந்து முறை வைத்து எடுத்தால்தான் முழுவதும் ஒட்டும். இடைவெளியை ஆப்பு வைத்து நிரப்பாதீர்கள், போல்ட்டை முறுக்கும்போது பலகைதான் வெடிக்கும். ஒட்டும் முகங்களுக்குப் பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு பூச்சு. தோலில் பட்டால் வெந்துவிடும், கையுறை போடாமல் தொடாதீர்கள்.

ஏராவை ஒட்டி, ஒவ்வொரு அடிக்கட்டையின் கீழும் இரு பக்கமும் ஓர் அங்குல அகலத்தில் நீர்வழி வெட்டிவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஐப்பசி மழைத்தண்ணீர் வங்குகளுக்கு நடுவே தேங்கும். கடல்நீரை விட அந்த நல்ல தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் மக்கவைக்கும். வங்கைப் பொருத்துவதற்கு முன்பே வெட்டுங்கள், பிறகு உளி அங்கே நுழையாது.